மும்பையில் இரட்டைக் குழந்தைகளோடு முதல் ஆறு மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி தொடங்கி டோம்பிவிலி வரை, ஒன்றிரண்டு அறை வீட்டில் இரட்டைக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மாருக்காகவும், பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமாருக்காகவும் இந்தப் பக்கம். இங்கே இடம் குறைவு, காற்றில் ஈரம் அதிகம், தண்ணீர் வருவதற்கு நேரம் உண்டு. ஊரில் சரிப்பட்டு வந்த பல வழக்கங்கள் அதனாலேயே இங்கே சரிப்படுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். குளிப்பாட்டும் டப், தெர்மாமீட்டர், நகவெட்டி, வெளியே எடுத்துப் போகும் பை எல்லாம் ஒன்று போதும். படுக்கும் இடம் மட்டும் கட்டாயம் இரண்டு. துணிகளைப் பொறுத்தவரை லங்கோடு (குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணி) 40, மழைக்காலப் பிரசவமானால் 60, ஜப்லா (முன்பக்கம் நாடா கட்டும் குழந்தைச் சட்டை) 12, போர்த்திச் சுற்ற மெல்லிய பருத்தித் துணி 8, ரப்பர் ஷீட் 4, மூடியுள்ள வாளி 2. இரட்டையர் பெரும்பாலும் குறித்த நாளுக்கு முன்பே வந்துவிடுவார்கள், எடையும் குறைவாக இருக்கும். அதனால் 32-ஆம் வாரத்துக்குள் இவ்வளவும் துவைத்துக் காயவைத்துத் தயாராக இருக்கட்டும். கடையில் 'நியூபார்ன்' என்று எழுதியிருக்கும் அளவே 2 கிலோ குழந்தைக்குத் தொளதொளவென்று இருக்கும். முதல் மாதத்துக்கு வீட்டில் தைத்ததுதான் பொருந்தும்.

துணி லங்கோடா, டயப்பரா?

இரண்டும். பகலில் துணி, இரவிலும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், விடாமல் மழை பெய்யும் வாரத்திலும் டயப்பர். ஒரு குழந்தைக்கு நாளைக்கு 10 முதல் 12 லங்கோடு ஆகும், இருவருக்கும் சேர்த்து 20க்கு மேல். ஜூலை மாதத்தில் துணி காய ஒன்றரை நாள் எடுத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 'துணிதான் நல்லது' என்று வீம்பு பிடிப்பதில் தாய்க்குத்தான் முதுகு போகும்.

லங்கோட்டை வீட்டிலேயே தைப்பது எப்படி?

பழைய வேட்டியைவிட நல்ல துணி இதற்கு இல்லை. பல முறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், இனிமேல் சுருங்கவும் சுருங்காது. நாலு முழ வேட்டியில் கரையை வெட்டிவிட்டு 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் 6 வரும், எட்டு முழத்தில் 12. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். குழந்தை சிறியதாக இருந்தால் நீளமான பக்கத்தை 8 செ.மீ. உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். இடுப்பில் மடிப்பு கூடுவதால் அந்த இடம் அதிகம் உறிஞ்சும். தொப்புள் கொடி விழும் வரை மடிப்பைத் தொப்புளுக்குக் கீழேயே நிறுத்துங்கள்.

ஓரம் பிரியாமல் இருக்க இரட்டை மடிப்பு போட்டால் மூலைகள் தடித்துத் தொடையில் அழுந்தும். தெருவுக்குத் தெரு இருக்கும் ஃபால்-பீக்கோ கடையில் கொடுத்து பீக்கோ அடித்து வாங்குவது மேல். பருத்தி நூலில் அடிக்கச் சொல்லுங்கள். சேலைக்குப் போடும் நைலான் நூல் குழந்தையின் தோலில் கீறும்.

அடுக்கு வைத்துப் பஞ்சு பொதிந்து தைக்கலாமா என்றால், மும்பைக்கு வேண்டாம். நாலு அடுக்கு சேர்ந்த துணியின் உள்ளே இருக்கும் ஈரம் போகாது. வெளியே காய்ந்த மாதிரி இருந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒற்றைத் துணியாக இருந்தால் விரித்துக் காயவைத்துப் பிறகு எத்தனை மடிப்பு வேண்டுமானாலும் மடித்துக்கொள்ளலாம்.

ஜப்லாவுக்கு எவ்வளவு துணி? எப்படி வெட்டுவது?

மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். 110 செ.மீ. அகலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் 6 ஜப்லா வரும், ஆளுக்கு 3. வாங்கியதும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, கஞ்சியெல்லாம் போன பிறகே வெட்டுங்கள். துவைக்காமல் வெட்டினால் முதல் துவையலில் நீளம் குறைந்து வயிறு தெரியும் சட்டை ஆகிவிடும்.

சின்னக் குழந்தைக்கான அளவு இது. நீளவாட்டில் 56 செ.மீ., அகலவாட்டில் 33 செ.மீ. துண்டு. இரண்டு முனைகளையும் 16 செ.மீ. உள்ளே மடியுங்கள். நடுவில் இருக்கும் 24 செ.மீ. முதுகு; மடித்த இரண்டும் முன்பக்கம், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இப்படி வெட்டினால் பக்கவாட்டில் தையலே வராது. இரு மடிப்புகளிலும் மேலிருந்து 9 செ.மீ. ஆழத்துக்கு, 2 செ.மீ. உள்ளே தள்ளிக் கைக்குழியை வளைத்து வெட்டுங்கள். பின்கழுத்து 9 செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. ஆழம். முன்கழுத்தைத் தோளிலிருந்து சாய்வாக இறக்கி, ஓரத்தில் 10 செ.மீ. கீழே கொண்டுபோய் நிறுத்துங்கள். தோளை இணைத்துவிட்டு மற்ற ஓரங்களை அரை செ.மீ. மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

தையல் பிசிறு உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வரட்டும். அழகு கொஞ்சம் குறையும், குழந்தைக்குக் கவலை இல்லை. கட்டும் நாடா 12 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமான நாடா கழுத்தில், விரலில் சுற்றும். பட்டன், மணி, ஜரிகை எதுவும் கூடாது.

மழைக்காலத்தில் துணி காயவே மாட்டேன் என்கிறதே?

மும்பைத் தாய்மாரின் உண்மையான தலைவலி இதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலை நம்பாமல் ஒரு வழிமுறை வைத்துக்கொள்ளுங்கள்.

மலம் பட்ட லங்கோட்டை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை துணியில் இறுகிவிடும். அப்புறம் மெஷினில் 60 டிகிரி. மெஷின் இல்லையென்றால் வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் துவைப்பது. சோப்புத்தூள் வழக்கத்தில் பாதி. துணி மென்மையாக்கும் திரவம் போடவே கூடாது, அது இழைகளில் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். கடைசி அலசலில் கிருமிநாசினி விடுவதும் தேவையில்லை. தொடையிடுக்கில் சிவந்து தடிக்கிறது என்று டாக்டரிடம் ஓடுவதற்கு முன் இதையும் சோப்பு போகாத அலசலையும் சந்தேகப்படுங்கள்.

மெஷினில் பிழிவதை இரண்டாவது முறையும் ஓடவிடுங்கள். அந்தக் கூடுதல் சில நிமிடம் காய்வதில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பிறகு, கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் கூரைக் கம்பிகளில் ஒரு கம்பிக்கு ஒரு வரிசை, ஒன்றன்மேல் ஒன்று படாமல். அதற்கு நேர்கீழே டேபிள் ஃபேனை அண்ணாந்து பார்க்கும்படி வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். குழந்தைகள் தூங்கும் அறையில் காயப்போடாதீர்கள். அறைச் சுவரில் பூஞ்சை ஏறும். முக்கால்வாசி காய்ந்ததை இஸ்திரி போட்டு முடியுங்கள். ஈரவாடை வந்துவிட்ட துணியை இஸ்திரி போட்டு ஒப்பேற்றக் கூடாது, திரும்பத் துவைக்கத்தான் வேண்டும்.

தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான் வருகிறது என்றால், துவைப்பதை அந்த நேரத்துக்கு வையுங்கள், குழந்தைகளின் குளியலை அல்ல. குளியலுக்கு ஒரு வாளி பிடித்து வைத்தால் போதும்.

அலமாரியில் அந்துருண்டை போடலாமா?

குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் கூடவே கூடாது. அந்துருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடை ஏறிய துணி, கம்பளி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். இந்தக் குறைபாடு இருப்பது பரிசோதிக்காமல் வெளியே தெரியாது. பாட்டி பத்திரமாக எடுத்து வைத்திருந்த பழைய ஸ்வெட்டர், போர்வை என்றால் இரண்டு முறை துவைத்து, வாடை முழுவதும் போன பிறகு போடுங்கள். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை போதும்.

இரண்டு பேருக்கும் பால் போதுமா?

பெரும்பாலான தாய்மாருக்குப் போதும். எவ்வளவு பால் வெளியே போகிறதோ அதற்கேற்பச் சுரக்கும் ஏற்பாடு அது. இரண்டு வாய் குடித்தால் இரண்டு வாய்க்குச் சுரக்கும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொரு குழந்தையும் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். அந்த நாட்களில் 'பால் பற்றவில்லை' என்று சொல்லிப் புட்டியைக் கொடுத்தால் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பயந்தது அப்படியே நடந்துவிடும்.

போதுகிறதா என்பதற்கு மார்பின் கனம், குழந்தையின் அழுகை இரண்டும் சரியான சாட்சி அல்ல. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒவ்வொன்றும் குறைந்தது 6 முறை நன்றாக நனைக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்புகிறதா, பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா என்று பாருங்கள். எடையைக் குழந்தைக்குக் குழந்தை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றையும் அதனதன் போன வார எடையோடு ஒப்பிடுங்கள்.

தாயின் சாப்பாடும் இதில் சேர்த்தி. ஒரு குழந்தைக்குப் பால் கொடுப்பவருக்கே முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). இரண்டு குழந்தை என்றால் அதற்கும் மேலே. பத்தியம் என்ற பெயரில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும் போட்டால் எங்கிருந்து வரும்? பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மீன், சுறாப்புட்டு, நெய், எல்லாம் இருக்கட்டும். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தடுப்பது வெறும் கொடுமை.

குழந்தைகள் என்ஐசியுவில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தால்?

பிறந்த சில மணி நேரத்திலேயே பாலைக் கையால் பீய்ச்சத் தொடங்குங்கள், நாளைக்கு 8 முறை, அதில் ஒன்றாவது நள்ளிரவுக்குப் பின். தொடக்கத்தில் சில சொட்டுதான் வரும். அந்தச் சீம்பால் சொட்டுகளே பெரிய விஷயம். பால் வரும் வரை தானப் பால் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி இந்த ஊரில்தான், சயான் ஆஸ்பத்திரியில், 1989-இல் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வராத குழந்தைக்கு நம் ஊர்ப் பாலாடை (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) நல்லது. குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, குழந்தை விழுங்க விழுங்கச் சாயுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.

ஒரே நேரத்தில் இருவருக்கும் பால் கொடுப்பது எப்படி?

முதலில் ஒவ்வொருவராக நன்றாகக் கவ்விக் குடிக்கப் பழகட்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு சேர்த்துக் கொடுக்கலாம். எளிய முறை: இரண்டு குழந்தைகளையும் இரண்டு கைக்கடியில் இடுக்கினாற்போல், கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி படுக்கவைத்து, தலையைக் கையால் தாங்குவது. சிசேரியன் தையலில் பாரம் படாது. முதலில் மந்தமாகக் குடிப்பதைப் போடுங்கள். சுறுசுறுப்பானது குடிக்கத் தொடங்கினதும் இரு பக்கமும் பால் இறங்கும், மந்தமானதும் அதில் பயன் பெறும். யாருக்கு எந்தப் பக்கம் என்பதைத் தினம் மாற்றுங்கள். ஒரே பக்கம் என்று விட்டால், பலவீனமாகக் குடிப்பவருடைய பக்கம் சுரப்பு குறைந்துவிடும்.

அதற்கான தலையணையைக் கடையில்தான் வாங்க வேண்டுமா?

வீட்டில் செய்தது இன்னும் உறுதியாக இருக்கும். மெத்தைக் கடையில் 40 டென்சிட்டி ஃபோம், 85 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. கனம் கேளுங்கள். 85 செ.மீ. பக்கம் ஒன்றின் நடுவில் 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்த வெட்டுக்குள் உங்கள் இடுப்பு. இரு பக்கமும் 25 செ.மீ. அகலக் கைகளில் குழந்தைகள்.

உறைக்குப் பழைய ஒற்றைக் கட்டில் விரிப்பு ஒன்று போதும். 90-க்கு 65 செ.மீ. அளவில் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு துண்டு வெட்டி, அவற்றில் வெட்டுப் பகுதியை வரைந்துகொள்ளுங்கள். மிச்சத்தில் 18 செ.மீ. அகலப் பட்டை மூன்று எடுத்து ஒட்டுப் போட்டால் சுற்றளவு 3.6 மீட்டருக்குச் சரியாக வரும். உள்மூலைகளில் தையலுக்கு வெளியே உள்ள துணியைத் தையல் வரை குறுக்கே கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூலை சுருக்கம் விழும். பின்பக்கத்தைத் திறந்து விட்டு நாடா வைத்துக் கட்டினால் கழற்றித் துவைக்க எளிது. ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே ரப்பர் ஷீட் ஒன்று விரித்தால் ஃபோம் நாறாது.

இலவம் பஞ்சில் செய்தால் சில நாளிலேயே அமுங்கி, குழந்தைகள் நடுவில் உருண்டு வருவார்கள். நீங்களும் குனிந்து குனிந்து கழுத்து வலி வாங்குவீர்கள். ஒன்று முக்கியம்: பால் கொடுத்தவுடன் எடுத்துவிடுங்கள். அதிலேயே தூங்கவிடக் கூடாது.

பீய்ச்சிய பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரம். மும்பையில் அது ஜனவரி இரவில்தான் நடக்கும், ஆகவே உடனே ஃபிரிட்ஜில், கதவில் அல்லாமல் உள்ளே பின்பக்கம். அங்கே 4 நாள். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் கொட்டிவிடுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம்.

பவுடர் பால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் முதலில் தண்ணீர், பிறகு தலைதட்டிய கரண்டி. கொதித்து ஆறினாலும் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுங்கள். டின் சீக்கிரம் தீர்கிறதே என்று நீர்க்கக் கரைப்பது இரட்டையர் வீடுகளில் நடக்கும் தவறு. எடை ஏறாது, உடம்பில் உப்பின் அளவும் குலையும். புட்டி, பாலாடை எல்லாம் 10 நிமிடம் தண்ணீரில் மூழ்கிக் கொதிக்கட்டும்.

ராத்திரி ஒன்று தூங்கினால் மற்றது விழிக்கிறது. என்ன செய்ய?

ஒன்று விழித்துக் குடித்ததும் மற்றதையும் எழுப்பிக் கொடுங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பது ஒற்றைக் குழந்தைக்காரர்கள் சொன்னது. எழுப்பாவிட்டால் அரை மணியில் அது எழும். அதை முடிப்பதற்குள் முதலாவதற்கு மறுபடி நேரமாகிவிடும். சேர்ந்தாற்போல் கொடுத்தால் நடுவில் இரண்டு மணி நேரமாவது கண்ணை மூடலாம். வீட்டுக்காரருக்கு இரவு 9 முதல் 1 வரை முறை. அந்த நேரத்தில் ஒரு முறை பீய்ச்சிய பாலை அவர் கொடுக்கட்டும். கொடுத்தது, நனைத்தது எல்லாவற்றையும் கட்டிலருகே ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். மூன்று மணிக்கு யார் குடித்தார் என்பது மூன்றரைக்கு நினைவிருக்காது.

தூளி கட்டலாமா?

அழுகையை அமர்த்த, விழித்திருப்பவர் பக்கத்தில் இருக்கும்போது, கட்டலாம். ராத்திரித் தூக்கத்துக்கு வேண்டாம். துணி குழிந்து முகவாய் மார்பில் முட்டினால் மூச்சு தடைப்படும். குறைமாதக் குழந்தைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு தூளியில் இருவரைப் போடவே கூடாது.

இரண்டு தூளி கட்ட இரண்டு கொக்கி வேண்டும், ஆடும்போது முட்டாமல் நாலடி இடைவெளி விட்டு. கொக்கி கான்கிரீட் தளத்திலோ விட்டத்திலோ இறங்கியிருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங், ஜன்னல் கிரில், திரைக்கம்பி எதுவும் ஆகாது. 25 கிலோ அரிசி மூட்டையை ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். நூல் சேலைதான்; சிந்தெடிக் முடிச்சு வழுக்கும். தூளியின் அடி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகாமல், கீழே மெத்தை விரித்து. குழந்தை கையூன்றி எழும்பவோ குப்புற விழவோ தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

தூங்குவதற்கு இருவருக்கும் தனித்தனியாக, கெட்டியான விரிப்பில், மல்லாக்க. தலையணை வேண்டாம். கடுகுத் தலையணையும்தான்.

பழைய சேலையில் கோதடி தைப்பது எப்படி?

இந்த ஊர்ப் பாட்டிகள் பழைய நூல் சேலைகளை அடுக்கித் தைக்கும் விரிப்பைத்தான் கோதடி என்கிறார்கள். குழந்தைக்கு 75-க்கு 100 செ.மீ., 4 அடுக்கு போதும். எல்லா அடுக்கும் ஒரே அளவு பழசான நூல் சேலையாக இருக்கட்டும். நடுவில் ஒரு புதுத் துணி வைத்தால் துவைத்ததும் அது மட்டும் சுருங்கி, விரிப்பு முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஜரிகைக் கரையை வெட்டிவிடுங்கள்.

தரையில் இழுத்து விரித்து, ஒரு சாணுக்கு ஒன்றாகப் பெரிய தையல் போட்டு அடுக்குகளை நிறுத்துங்கள். பிறகு நடுவிலிருந்து வெளியே போகும்படி, இரண்டு விரல் இடைவெளியில் ஓட்டுத்தையல். ஓரத்தில் தொடங்கினால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் திரண்டு நிற்கும். தையல் ஒவ்வொன்றும் அரை செ.மீ.க்கு மேல் வேண்டாம், குட்டி விரல் நுழையும். மழைக்காலத்தில் இது காய நாளாகும் என்பதால் ஆளுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். கோதடி படுக்கத்தான், போர்த்த அல்ல.

எண்ணெய், குளியல், சாம்பிராணி, உரை மருந்து?

தேங்காயெண்ணெய் போட்டு மெதுவாக நீவலாம். மாலிஷ் செய்ய வரும் மாவுஷியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கைகாலை இழுப்பது, தலைகீழாகப் பிடிப்பது, மூக்கில் காதில் எண்ணெய் விடுவது, மார்க்காம்பைப் பிதுக்குவது எதுவும் வேண்டாம். தினக்குளியல் அவசியமில்லை, ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் என்று வைத்தால் வேலை பாதியாகும், மற்றவருக்கு அன்று துடைத்துவிடுவது. 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தையை டாக்டர் சொல்லும் வரை துடைக்க மட்டும் செய்யுங்கள்.

சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது, அதுவும் ஜன்னல் சாத்திய சின்ன அறையில். தலையைத் துண்டால் ஒற்றி எடுத்தால் ஈரம் போய்விடும். உரை மருந்து, தேன், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் ஆறு மாதத்துக்குள் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது. கண்மையும் வேண்டாம்.

யார் மூத்தது, யார் இளையது என்று குழம்புகிறது.

ஒருவருக்கு எப்போதும் ஒரே நிற ஜப்லா. அடையாளத்துக்காகக் கையில் காலில் நூல் கட்டாதீர்கள், இறுகினால் ரத்த ஓட்டம் நிற்கும். தாய்க்கு மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டும். ஓர் இழை குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகுவது எப்போதாவது நடப்பதுண்டு. காரணமில்லாமல் அழுதால் கால்விரல்களைப் பிரித்துப் பாருங்கள்.

சமைக்க நேரமே இல்லை.

ஒரு கையால் சாப்பிடக்கூடியதாக யோசியுங்கள். பூண்டுப் பருப்புப் பொடி இருந்தால் நெய் விட்டுச் சாதத்தை உருட்டி வைத்துவிடலாம். துவரம்பருப்பு 1 கப், பொட்டுக்கடலை அரை கப், மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், மிளகாய் வற்றல் 3, பூண்டு 15 பல், உப்பு, பெருங்காயம். பூண்டை மெல்லிசாக அரிந்து, மொறுமொறுவென்று உடையும் வரை சிறு தீயில் வறுக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மும்பைக் காற்றில் பொடி இரண்டே நாளில் கட்டிபட்டுவிடும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். மாவு அரைப்பதை இந்த ஆறு மாதம் மறந்துவிடுங்கள், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அரைத்த மாவு கிடைக்கிறது. பார்க்க வருகிறேன் என்று கேட்பவர்களிடம் ஒரு குழம்பு கொண்டுவரச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பொம்மை ஏதாவது செய்து தரலாமா?

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும், அதிலும் கறுப்பு வெள்ளைதான் கண்ணைப் பிடிக்கும். அதற்குக் கோலத்தைவிட என்ன வேண்டும்? 20 செ.மீ. சதுரக் கறுப்புத் துணியில் புள்ளிக்குப் புள்ளி 3 செ.மீ. விட்டு ஒரு சின்னச் சிக்குக் கோலம். கோடு ஒவ்வொன்றும் வெள்ளை நூலில் சங்கிலித் தையல் இரண்டு வரிசை. ஒற்றை வரிசை கண்ணுக்கு மெலிசு. பின்னால் கெட்டியான அட்டை வைத்துத் தைத்து, குழந்தைகளுக்குப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், தலைக்கு மேல் தொங்கவிட வேண்டாம். நிறை அடர்த்தியான பெரிய கோலம் போட்டால் வெறும் சாம்பல் நிறமாகத்தான் அதற்குத் தெரியும்.

இரட்டைத் தள்ளுவண்டி வாங்கலாமா?

முதலில் லிஃப்ட் கதவை அளந்து பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி பல பழைய கட்டடங்களில் நுழையாது. நுழைந்தாலும் நடைபாதை எங்கே?

பிறப்புச் சான்றிதழில் கவனிக்க வேண்டியது?

இரண்டு குழந்தை, இரண்டு பதிவு, பிறந்த நேரம் இரண்டிலும் சரியாக இருக்கட்டும். 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். நம்மவர்களுக்குத் தொல்லை வருவது குடும்பப் பெயர்க் கட்டத்தில். இனிஷியலா, அப்பா பெயர் முழுவதுமா என்று முதலிலேயே முடிவு செய்து இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல எழுதுங்கள். 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம்.

தடுப்பூசி நாளில்?

6, 10, 14 வாரங்களில் மாநகராட்சி மருந்தகங்களில் இலவசம். குறைமாதக் குழந்தைகளுக்கும் பொதுவாகப் பிறந்த தேதிக் கணக்குதான். கூட ஒருவர் வேண்டும். கார்டுகளின் அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடைக்கேற்ப மாறும் என்பதால் இருவருக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்த மருந்தில் சொட்டாகக் கொடுப்பதும் சிரப்பும் ஒரே அடர்த்தி இல்லை, ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஆபத்து.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. எனக்குத்தான்.

முதல் இரண்டு வாரத்தில் பலருக்கும் வரும், தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, குழந்தைகள்மேல் ஒட்டுதல் வரவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 'ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு என்ன கவலை' என்பவர்களிடம் சொல்லிப் பயனில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம், இலவசம். உங்களையோ குழந்தைகளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல், யாரையாவது கூட இருக்கச் சொல்லி, அன்றே போங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், காய்ச்சல். உடம்பு சில்லிட்டுப் போவது. அடுத்தடுத்து இரண்டு வேளை குடிக்காமல் இருப்பது. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மார்பு உள்ளிழுப்பது. உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள். எழுப்பியும் எழாத மந்தம். ஒன்றுக்கு இவற்றில் எது வந்தாலும், நன்றாக இருக்கும் மற்றதையும் கூடவே எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள். பால் குடிக்கும் பிள்ளையை வீட்டில் விட்டுப் போனால் எப்படியும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரத்தான் வேண்டியிருக்கும்.